கனேலாவின் மூச்சை எண்ணிய கதை

கனேலாவைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அவள் சிரிக்கிறாள் என்பார்கள். அவள் முகவாகே அப்படி. மூன்று மாதம் முன்பு கவீதா சாலையில் மின்கம்பியிலிருந்து விழுந்து சாக்கடையில் கிடந்தபோதும் இதே சிரிப்புதான். மரத்தில் தலைகீழாகத் தொங்கி மெதுவாக நகரும் ஸ்லாத் இவள்; எங்கள் நாட்டில் இந்த மிருகத்துக்குப் பெயரே சோம்பேறி. சோம்பேறிகள் காப்பகத்தில் ஓடியாடி உழைக்கும் ஒரே ஆள் நான்தான். இலை பறித்துப் போடுவது என் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கனேலாவுக்குப் பரீட்சை. தேறினால் மறுநாள் காடு. தவறினால் ஆயுசுக்கும் கூண்டு. டாக்டர் யோர்லெனி காலையிலேயே சொல்லிவிட்டார்.

"வென்டெல் அண்ணே, போன வாரம் இவ கீழ இறங்கி வெளிக்குப் போயிட்டு வந்தப்ப எண்ணினேன். காலி வயித்துல நிமிஷத்துக்குப் பன்னெண்டு மூச்சு. இப்ப நாலு நாளாத் தின்ன இலை வயித்துல ரொம்பிக் கிடக்கு. தலைகீழாத் தொங்கும்போது அவ்ளோ பாரமும் நுரையீரல் மேலதான விழணும்?"

"ஐயோ, விழுமா?"

"விழாது. வயித்தையும் ஈரலையும் விலா எலும்போட நார் நாரா இழுத்துக் கட்டியிருக்கு. கம்பியில இருந்து விழுந்தப்ப அந்தக் கட்டு அறுந்திருந்தாதான் வம்பு, தின்னதும் மூச்சு வாங்கும். மத்தியானம் இன்னும் ரெண்டு கொத்து குடுத்துட்டு எண்ணிப் பாருங்க."

"பன்னெண்டுக்கு மேல போனா?"

அவர் கனேலாவின் முதுகைத் தடவினார்.

அவளுக்குப் பிடித்த குவாருமோ மரத்தின் கொழுந்தாகப் பார்த்துப் பறித்துவந்து கொடுத்தேன். ஒரு கொத்தை மெல்ல முக்கால் மணி நேரம். அதற்குள் நானும் சாப்பிட உட்கார்ந்தேன். ஞாயிறு என்றால் எங்கள் கடற்கரைப் பக்கம் தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் பீன்ஸும், கோழிக் குழம்பும், வறுத்த வாழைப்பழமும். சமையல்கட்டு மிஸ் ஐனெட் கரண்டியோடு முறைத்தாள்.

"மூணாவது தட்டு, வென்டெல்."

"கவலையில பசிக்குது மிஸ்."

"சந்தோஷத்துலயும் இதையேதான் சொன்ன."

சாப்பிட்டு எழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கிளையில் தொங்கவிட வழியில்லை. வழக்கம்போல கனேலாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வலை ஊஞ்சலில் சாய்ந்தேன். அவள் என் சட்டையைக் கவ்விப் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தபடி, அவள் முதுகு ஏறி இறங்குவதை எண்ணினேன்.

இருபத்திநாலு.

மறுபடி எண்ணினேன். இருபத்தாறு. மூன்றாம் முறை முப்பதைத் தொட்டது. அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள். நனைந்தபடியே டாக்டரின் அறைக்கு ஓடினேன்.

"அறுந்துபோச்சு டாக்டரம்மா! முப்பது! கூண்டுல போடாதீங்க, நான் வேணா கூடவே இருக்கேன்..." அழுகை வந்துவிட்டது. மூச்சும் வாங்கியது.

டாக்டர் என்னையே உற்றுப் பார்த்தார். "எங்க வச்சு எண்ணினீங்க?"

"நெஞ்சுல."

"யாரு நெஞ்சுல?"

பின்னாலேயே வந்திருந்த மிஸ் ஐனெட் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மூணு தட்டு தின்ன நெஞ்சுல! நீ மூச்சு விட்டா படகே ஆடும், இந்தப் புள்ள ஆடாதா?"

டாக்டர் என் நெஞ்சிலிருந்து கனேலாவை வாங்கி உத்தரத்தில் தொங்கவிட்டார். நாலு கிலோ உடம்பில் ஒரு கிலோவுக்கு மேல் இலை. மூவரும் வாய்விட்டு எண்ணினோம். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. முள் சுற்றி முடிந்தது. இன்னொரு தரம் எண்ணினோம். அதே பன்னிரண்டு.

மிஸ் ஐனெட் கரண்டியோடு ஓர் ஆட்டம் போட்டாள். நானும் ஆடினேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இவளுக்குக் கட்டு கெட்டியா இருக்கு" என்றார் டாக்டர். "உங்களைத்தான் அண்ணே கூண்டுல வச்சுப் பாக்கணும்."

மறுநாள் காலை கனேலாவைக் காட்டில் ஒரு குவாருமோ மரத்தடியில் விட்டோம். உச்சிக்குப் போக அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். போனதும் தலைகீழாகத் தொங்கி, முதல் வேலையாக ஓர் இலையை இழுத்து மெல்லத் தொடங்கினாள். மூச்சு வாங்கவே இல்லை.

கீழே நின்று அண்ணாந்து பார்த்ததற்கே எனக்கு வாங்கியது. காலையில் இரண்டே தட்டுதான் சாப்பிட்டிருந்தேன்.