மூன்றாம் ஓலை

1.

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. பாகான் டாலாமில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்ன பழைய சங்கதி. நல்ல சண்டை ஒன்று சும்மா கையில் வந்து விழுகிறதே என்று சந்தோஷமாக எழுத உட்கார்ந்தேன். சந்தியாகு என்கிற மனுஷர் அதைக் கெடுத்தார்.

முதல் தொடக்கம்: ‘1928-ஆம் வருஷம், ஜார்ஜ் டவுனில் மழை…’ (வேண்டாம். பினாங்கில் மழை பெய்வது ஒரு செய்தியா?)

இரண்டாவது: சந்தியாகு துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. மகள் ரோசம்மாவுக்கு, சுங்கை பாக்காப் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பையனை நிச்சயம் செய்திருந்தார். மாதா கோயிலில் இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, அவருடைய பழைய கூட்டாளி ராயப்பன் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார்.*

“தடை இருக்கு சாமி. இந்தப் பொண்ண எம் மவனுக்குத் தர்றேன்னு புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் திருநாள்ல சந்தியாகு வாக்குக் கொடுத்தான். எங்க வீட்டுப் பட்டுச்சேலையும் வாங்கிக்கிட்டான். இப்ப கைய விரிக்கிறான்.”

(* தெரியாதவர்களுக்கு: கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மணமக்கள் பெயரை வாசிப்பார்; அதுதான் ஓலை. தடை தெரிந்தவர் சொல்லலாம். யாரும் சொல்லமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் வாசிப்பது.)

2.

சந்தியாகுவுக்காக நான் மூன்று பதில்கள் எழுதினேன், எல்லாம் சுடச்சுட. ஒன்றில் ராயப்பனின் கள்ளுக்கடைக் கதையைக்கூட… (அடித்துவிட்டேன்.) மனுஷர் ஒன்றையும் வாயில் வாங்கவில்லை. எழுந்தார்.

“திருநாள்ல சொன்னது நெசந்தான் சாமி. மவளக் கேக்காம சொன்னேன். தப்பு என்னோடது. மன்னிச்சிரு ராயப்பா.”

உட்கார்ந்துவிட்டார். சேலை? அதை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வாங்கித்தான் இருப்பார் என்று கோயிலே முடிவு கட்டியது. பேசித் தீர்க்காமல் மூன்றாம் ஓலை இல்லை என்றார் சாமியார்.

3.

வீட்டில் ரோசம்மா என் கட்சி. (ஒருத்தியாவது இருக்கிறாளே.)

“சேலை வாங்கலைன்னு சொன்னா என்னாப்பா? உங்க தாழ்மைக்கு என் கல்யாணந்தானா கெடச்சிச்சு?”

சந்தியாகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“அவன் சொன்னதுல பாதி நெசம்மா. பொய்ப் பாதியப் புடிச்சிக்கிட்டு நான் கத்துனா, நெசப் பாதி மறைஞ்சு போயிரும். அந்த வாயோட எப்படி நற்கருணை வாங்குவேன்?”

“அப்ப நான்?”

சந்தியாகு கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போனார். எனக்கும் எழுத வரவில்லை. ஆகவே இந்தப் பத்தி இங்கேயே

4.

புதன்கிழமை சந்தியாகு ராயப்பன் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நிறுத்திவைத்துத் திட்டினார் ராயப்பன். நானாக இருந்தால் அவர் மூச்சு வாங்கிய முதல் இடத்தில் புகுந்திருப்பேன். சந்தியாகு கேட்டுக்கொண்டே நின்றார். காது எரிந்தது, கோபமும் வந்தது, நின்றார். எதிர்வாதம் வராததால் ராயப்பனுக்குத் திட்டு தீர்ந்துபோனது.

“எம் மவன் கூட்டாளிங்ககிட்ட எல்லாம் ரோசம்மாவத்தான் கட்டப்போறேன்னு சொல்லிட்டான்டா. பயலுக்கு வெளிய தல காட்ட முடியல.” பிறகு குரலை இறக்கி, “சேலை அலமாரிலதான் இருக்கு. எம் பொஞ்சாதி ஆசையா வாங்கி வச்சா. ஒங்கிட்ட கொடுக்கல. கோவத்துல கொடுத்ததா வந்திருச்சு.”

ஐயா சந்தியாகு, இப்போதாவது கேளும். இதைக் கோயிலில் வந்து சொல் என்று கேட்டுத் தொலையும்.

“எம் மவள நெனச்சுக்க, ராயப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். என் பேனாவை வீசி எறியலாம் போலிருந்தது.

5.

முடிவு (அ): ராயப்பன் கண்ணீர் விட்டுக் கட்டிப்பிடிக்கிறார். பிரசங்க வாடை அடிக்கிறது.

முடிவு (ஆ): ராயப்பன் கோயிலுக்கே வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார்… கை கூசிற்று, நிறுத்தினேன்.

நடந்தது இவ்வளவுதான். அடுத்த ஞாயிறு சந்தியாகு நேரே போய் ராயப்பன் பெஞ்சில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சாமியார் ஓலையைக் கையில் எடுத்து, “ராயப்பன், தடை நிக்குதா?” என்று கேட்டார். ராயப்பன் முன்பெஞ்சின் முதுகைப் பிடித்தார்.

பந்தியில் சொன்னவர் இந்த இடத்தில் பாயசத்துக்கு எழுந்து போனவர்தான், திரும்பவில்லை. என்னாலும் ராயப்பனை எழுப்ப முடியவில்லை. ஊர் முன்னால் பொய் சொன்னேன் என்று சொல்வது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அதனால் நீங்கள் வந்து ராயப்பன் இடத்தில் உட்காருங்கள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லாத மனுஷர் பக்கத்தில் இருக்கிறார். பெண்கள் பக்கத்திலிருந்து ரோசம்மா உங்களையே பார்க்கிறாள். எழுவதானால் சீக்கிரம் எழுங்கள்.