எதிர்ப்பேச்சு

"உங்க அக்காவுக்கு வாய் மட்டும்தான் நீளம். மனசு கடுகளவுகூடக் கிடையாது" என்றேன். காலைக் காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, என் முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்துக்கொண்டிருந்தார் என் கணவர். இந்தப் பேச்சை நான் நன்றாக யோசித்துத்தான் எடுத்தேன். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவருடைய அக்காவைப் பற்றி அரை வார்த்தை சொன்னாலே போதும், மனிதர் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடுவார். அன்று தலையணையைத் தட்டி நிமிர்த்திவிட்டு, "ஆமாம்மா, நீ சொல்றது சரிதான்" என்றார். நான் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

பாவம், அந்த அக்கா. வாரம் தவறாமல் வந்து என் தலையை வாரிப் பின்னிவிட்டு, துணிகளை மடித்து அடுக்கி, போகும்போது என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போகிறவர். கூடப்பிறந்தவள்கூட இவ்வளவு செய்ய மாட்டாள். அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சண்டையை மூட்ட வேறு எதுவும் என் கைவசம் மிச்சமில்லை.

நாங்கள் இரண்டு பேரும் சண்டைக்காரர்கள். கையை ஓங்குவது, கதவைச் சாத்துவது எல்லாம் கிடையாது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, மின்விசிறியை எவ்வளவு வேகத்தில் வைப்பது, வெளியே கிளம்பும்போது விளக்கை அணைத்தது யார், அணைக்காதது யார், இப்படிப்பட்ட உலக விவகாரங்கள்தான். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா, சண்டை போடறீங்களா?" என்று எங்கள் மகள் சின்ன வயதில் கேட்பாள். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வீடு கட்டியதும் மகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பியதும் அப்படித்தான் முடிவாயின. அவர் ஒன்று சொல்வார், நான் முடியவே முடியாது என்பேன். முடியாது என்று சொல்லச் சொல்லத்தான் எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்கே பிடிபடும்.

அவர் ஓர் ஆலையின் கொதிகலன் கூடத்தில் வேலை பார்த்தவர். நீராவிக் குழாய்களின் சூடு வெளியே போகாமலிருக்க ஆஸ்பெஸ்டாஸ் கயிறும் துணியும் சுற்றி, மேலே குழைத்துப் பூசுவது அவர் வேலை. சாயங்காலம் மாவு அரைத்துவிட்டு வருகிறவரைப் போலத் தலை முதல் கால் வரை வெள்ளையாக வருவார். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, கரி இல்லை. சுத்தமான தூசி என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். அந்தச் சட்டையை அப்படியே ஊறவைத்தால் வாளித் தண்ணீர் கூழாகிவிடும். அதனால் பின்பக்கம் கொண்டுபோய் நன்றாக உதறி, காலரையும் பைகளையும் தட்டி, அப்புறம்தான் நனைப்பேன். தூசி மூக்கில் ஏறும். தும்முவேன். தும்மிவிட்டு அவரைத் திட்டுவேன். சூடான பாத்திரம் இறக்க அந்தத் துணியிலேயே ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்திருந்தார். தீயில் காட்டினாலும் கருகாத துணி என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டேன்.

அவர் ஓய்வு பெற்று, மகளுக்குக் கல்யாணமாகி, எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்தபோது எனக்கு விலாவில் வலி வந்தது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். "வீட்டு வேலைதான்" என்றேன். "சார்?" அவர் தன் வேலையைச் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சாரோட துணியெல்லாம் யாரு துவைச்சது?" என்றார். என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நுரையீரலைச் சுற்றியிருக்கிற உறையில் வருகிற புற்றுநோயாம். உள்ளே போன தூசி பல வருடம் சும்மா கிடந்துவிட்டு, பிறகு தன் வேலையைக் காட்டுமாம். மீசோதீலியோமா என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். அவருக்கும் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். 'நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள்' என்று கேட்டு ஒரு மனிதர் அப்படி இடிந்துபோய் நான் பார்த்ததில்லை.

அன்றோடு எதிர்ப்பேச்சு நின்றது. "ஏண்டி" போய் "என்னம்மா" வந்தது. குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், அப்படிப் பார்த்துக்கொள்கிறார். நெஞ்சில் கோக்கிற நீரை இறக்க என் விலாவில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். அந்த நீரை வீட்டிலேயே புட்டியில் இறக்குவது அவர்தான். கையை முழங்கை வரை கழுவி, குழாயை மாட்டி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டு சொட்டாக விடுவார். வலிக்கிறது என்று நான் சொல்வதற்கு முன்பே நிறுத்திவிடுவார். நீர் இறங்கியதும் மூச்சு ஆழமாகப் போய் வரும். அந்த முதல் மூச்சுக்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். அவரோ கையை உருவிக்கொண்டு புட்டியைக் கழுவப் போய்விடுவார். நன்றியை வாங்கிக்கொள்ளத் தனக்கு அருகதையில்லை என்று நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஆலைக் குழாய்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர் வீட்டில் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று குத்திக்காட்டினேன். முன்பெல்லாம் அதற்கு ஒரு மணி நேரம் வியாக்கியானம் சொல்வார். இப்போது மறுநாள் காலையில் குழாய் ஒழுகவில்லை. நான் பயந்தே போனேன். கடைசி அம்பு அவருடைய அக்கா. அதுவும் முறிந்த அன்றுதான் டாக்டரம்மாவைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது.

டாக்டரம்மா நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். இதுவரை ஏற்றிய மருந்து செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. இன்னொரு மருந்து இருக்கிறது. அது நாளைக் கொஞ்சம் நீட்டலாம், நீட்டாமலும் போகலாம். உடம்பைப் போட்டுப் படுத்தும் என்பது மட்டும் நிச்சயம். வேண்டாம் என்றால் வலியில்லாமல் பார்த்துக்கொள்வார்கள். "ரெண்டுமே தப்பில்லம்மா. வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு அடுத்த தடவை சொல்லுங்க" என்று என் தோளைத் தொட்டார். நல்ல பெண். ஆனால் பேசி முடிவு பண்ண எனக்கு வீட்டில் ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே பேருந்து நிறுத்தம். பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் ஸ்கேன் படங்கள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணலாம்?"

"உன் இஷ்டம்மா. நீ எது சொன்னாலும் சரி."

"வேண்டாம்னு சொல்லப் போறேன்."

பையின் ஓரத்தை விரலால் நீவினார். "சரிம்மா."

"அப்ப நான் சீக்கிரம் போய்ச் சேந்தாலும் சரியா?"

அவர் குனிந்து பையையே பார்த்தார்.

"வாயத் திறங்களேன். பிடிச்சு வச்ச மாதிரி உக்காந்திருந்தா என்ன அர்த்தம்?"

"நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாயத் திறக்கறது? உன்ன இந்த கதிக்கு ஆளாக்கினதே என் சட்டைதான். வேணும்னு சொல்லவோ வேண்டாம்னு சொல்லவோ எனக்கென்ன யோக்கியதை இருக்கு?"

"உங்களுக்குத் தெரியுமா அது விஷம்னு? எனக்குத் தெரியுமா? தெரிஞ்சவன் எவனோ சொல்லாம விட்டான், அவன் அனுபவிக்கட்டும். நீங்க எதுக்கு எனக்குத் தண்டனை குடுக்கறீங்க?"

"உனக்கா? நான் என்ன தண்டனை குடுத்தேன்?"

"இந்த 'ஆமாம்மா', 'சரிம்மா'தான். சீக்கு என் மூச்சுல பாதியக் கொண்டுபோச்சு. சண்டை போட இருந்த ஒரே ஆள நீங்க கொண்டுபோயிட்டீங்க. நான் தனியா உக்காந்து எப்படிங்க முடிவு பண்ணுவேன்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். எழுந்து நின்றார்.

"ஏண்டி, வேண்டாம்னா சொல்லப் போற? அறிவிருக்கா உனக்கு? ஒரு மாசம் கூடக் கெடச்சாலும் அது ஒரு மாசம் இல்லையா? மருந்து வேணும். நான் வேணும்னுதான் சொல்லுவேன். ஆமா, சுயநலம்தான். வச்சுக்கோ!"

நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். காணாமல் போனவர் திரும்பி வந்து வாசலில் நின்று கத்துவதைப் போல இருந்தது. கும்பிடத்தான் தோன்றியது. ஆனால் கும்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"அந்த ஒரு மாசமும் வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கப்போறது நீங்களா, நானா?"

"நான் ஏந்திக்கறேன்!"

"ஏந்திக்கிட்டா ஆச்சா? என் பொண்ணு வீட்டு மாடிக்கு நான் ஒரு தடவையாவது என் காலால ஏறிப் போகணும். அதுக்கு உடம்புல தெம்பு வேண்டாமா?"

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் அதற்குத்தான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்று.

பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "பெரியவரே, ஏறலையா?" என்றார்.

"பேசிக்கிட்டிருக்கோம்ல, நீங்க போங்க!" என்று அந்தப் பக்கம் திரும்பாமலே சொல்லிவிட்டு, "மாடி ஏறணும்னா மொதல்ல நீ இருக்கணும்டி! அதுக்கென்ன சொல்ற?" என்று விரலை நீட்டினார்.

"அதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன். மூச்சு முட்டியது. நல்ல பதில், நாக்கு நுனியில் வந்து நின்றது. பேருந்து கிளம்பிப் போனது. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயால் காற்றை இழுத்தேன். அவர் உட்காரவில்லை. "சரி விடும்மா" என்று சொல்லவில்லை. முகமெல்லாம் சிவந்து, நீட்டிய விரலை மடக்காமல், என் மூச்சு திரும்பி வருவதற்காக எனக்கு நேரே நின்றுகொண்டிருந்தார்.