திருவிருந்தின் வரிசை

இரண்டாம் உலக யுத்தம் முடியப்போகிற வருஷம். குமுளிக்கு மரம் ஏற்றப் போன பட்டாள லாரி தேனியில் அச்சு முறிந்து நின்றது. ஓட்டி வந்தவன் இளவயசு ஆப்பிரிக்கச் சிப்பாய், பெயர் சாமுவேல் டேவிஸ். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்கு வந்தான். சர்க்கார் ஆள் என்று மிளகாய் மண்டி சுந்தர்ராஜ் அவனை முன் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். சபையும் பள்ளிக்கூடமும் அவர் சொல்லில்தான் நடந்தன.

இங்கிலீஷ் பேசச் சுகிர்தத்தைக் கூப்பிட்டார்கள். சேரியில் பி.ஏ. படித்த முதல் ஆள், அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர். என்ன படித்தாலும் கோயிலில் அவள் இடம் சேரிக்காரர்களுக்குப் பின்னால் தனியாக விரித்த பாய்தான். எல்லாரும் வாய் வைத்துக் குடிக்கிற திருவிருந்துத் திராட்சரசப் பாத்திரம் பெஞ்சு முழுக்கச் சுற்றி முடித்த பிறகே பாய்க்கு வரும்.

பாயில் இருப்பவர்கள் ஏன் தரையில் இருக்கிறார்கள் என்று சிப்பாய் கேட்டான்.

"கீழ உக்காந்தாத்தான் அவுகளுக்குச் சௌரியம்னு சொல்லும்மா" என்றார் சுந்தர்ராஜ்.

"அவரு நம்பணும்ல, ஐயா."

"நீ சொல்லு. நாளைக்குப் பள்ளிக்கூடம் வரணும்ல?"

சுகிர்தம் உள்ளதைச் சொன்னாள். பாய்க்காரர்கள் வாய் வைத்த பாத்திரத்தில் பெஞ்சுக்காரர்கள் குடிக்கமாட்டார்கள் என்றாள்.

சிப்பாய் ஆச்சரியப்படவில்லை. தன் தாத்தாவை அடிமையாக விற்றது சொந்த ஊர்த் தலைவர் என்றான். ஒரு வெள்ளைக்காரக் கப்பல் வாங்கியது, அடிமை வியாபாரத்தைத் தடுக்க வந்த இன்னொரு வெள்ளைக்காரக் கப்பல் மீட்டது. மீட்ட காப்டனின் பெயர்தான் டேவிஸ். தாத்தாவின் சொந்தப் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. விற்ற தலைவரின் பிள்ளைகளும் பிறகு ஞானஸ்நானம் வாங்கினார்கள். "எங்கள் கோயிலிலும் முன் பெஞ்சு அவர்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், பாயில் சுகிர்தத்தின் அப்பா ராக்கையா பக்கத்தில் முழங்காலிட்டான். சுந்தர்ராஜுக்கு இங்கிலீஷ் தெரியாது. சுகிர்தம் உள்ளதைச் சொல்லிவிட்டாள் என்று அவன் எழுந்ததிலேயே புரிந்துவிட்டது.

பாத்திரம் முதலில் விருந்தாளிக்கு என்பது சுந்தர்ராஜே போட்ட உத்தரவு. போதகர் வேறு வழியில்லாமல் பாத்திரத்தைப் பாய்க்குக் கொண்டுவந்தார். சிப்பாய் குடித்தான். அடுத்தது ராக்கையா.

"மொதல்ல அவுக குடிக்கட்டும் சாமி" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"குடிங்கய்யா" என்றாள் சுகிர்தம்.

மகளின் முகத்தைப் பார்த்தார். குடித்தார். பாய் முழுக்கச் சுற்றிவிட்டுப் பாத்திரம் பெஞ்சுக்குப் போனது. அங்கே ஒருவரும் அதில் வாய் வைக்கவில்லை. கர்த்தருடைய இரத்தத்தைவிட ராக்கையாவின் எச்சில் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் லாரி போய்விட்டது. பள்ளிக்கூட வாசலிலேயே சுகிர்தத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

"அவன் பாட்டுக்குக் கெளம்பிட்டான். நம்ம கஞ்சிக்கு என்னாத்தா வழி?" என்றார் ராக்கையா.

"பெரியகுளத்துல வேலை கேக்கப் போறேன்."

"அங்கனயும் பாய் விரிச்சிருப்பாக."

"விரிக்கட்டும். கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன்."

"அப்ப பெரியகுளத்தோட முடியாது. அதுக்கும் அங்கிட்டு, தேவதானப்பட்டி வரைக்கும் நடக்கணும்" என்று அவர் செருப்பில்லாத காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அவளும் கிளம்பினாள்.