மணலில் மாட்டிய வண்டி

விபத்து நடந்த வாரக் கடைசியில் கிளெனிஸ் ட்ரெம்பாத் விளாடோவின் ஷெட்டுக்குப் போனாள். போகக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் காதுக்குள் ரேடியோ கரகரத்துக்கொண்டே இருந்தது, அதனால் போனாள்.

ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான டல்லாராவில் வெயில் தகரத்தைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தது. விளாடோ பெரிச் ஒரு காலத்தில் ஓபல் ரத்தினக்கல் தோண்டியவன். மண் தின்ற நுரையீரலோடு இப்போது ஷெட்டே கதி என்று கிடக்கிறவன். சுவரில் பெரிய திரை, அதன் முன்னால் பழைய லாரி சீட்டுகள் மூன்று. ஒன்று அவனுடையது, ஒன்று கிளெனிஸுடையது. மூன்றாவது வேட் கோட்சுருடையது. வேட் போர்ட் அகஸ்டா மருத்துவமனையில் காலில் இரும்புக்கம்பி பூட்டிக் கிடந்தான்.

"வாம்மா மகாராணி! உலகத்துலயே முதல் ஆளு!" என்று விளாடோ இருமலோடு கூவினான். "அந்தப் பின்லாந்துக்காரன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு எழுதியிருக்கான், பாத்தியா? 'ஆஸ்திரேலியா ஷெட்டுக்கு வாழ்த்துகள்'னு. வயித்தெரிச்சலப் பாரு அவனுக்கு."

திரையில் அவள் ஒட்டிய படம் விரிந்திருந்தது. செவ்வாய் கிரகத்தின் துருப்பிடித்த மண், தூரத்தில் ஒரு கரடு, முன்னால் மணலில் பாதி புதைந்த சக்கரம். அங்கே ஊர்ந்து ஊர்ந்து படம் எடுக்கிற அந்த வண்டிக்கு விஞ்ஞானிகள் வைத்த பேர் வேறு. இந்த ஷெட்டில் அது 'கிழவி'. அது வேட் வைத்த பேர். பிடிவாதம் பிடித்தால் நகராது, நகர்ந்தால் நிற்காது என்பான்.

கிழவி எடுக்கிற படங்கள் துண்டு துண்டாகத்தான் பூமிக்கு வரும். வந்த கையோடு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட்டுவிடுவார்கள். அந்தத் துண்டுகளை ஒட்டி, நிறம் சரிசெய்து, முழுப்படமாக முதலில் போடுகிறவருக்கு அதில் ஒரு பாறைக்குப் பேர் வைக்கும் உரிமை. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம். செவ்வாயில் ஏற்கெனவே டல்லாராவின் மூடிப்போன சாராயக்கடை பேரில் ஒரு பாறை இருக்கிறது. விளாடோவின் செத்துப்போன நாய் பேரிலும் ஒன்று.

"இன்னும் பேர் வைக்கலயே நீ. விட்டா அவன் வெச்சிடுவான்."

"வைக்கிறேன்."

"வேட் ரெண்டு தடவ போன் பண்ணிட்டான். நகந்துச்சா, நகந்துச்சான்னு உயிர எடுக்கறான். நீ போய்ப் படத்தக் காட்டிட்டு வா."

"நான் எதுக்கு? நீ அனுப்பிவிடு."

"நீ ஒட்டின படம், நீதான் காட்டணும். போனாத்தான் மரியாதை. உன் வண்டி ஏறித்தான கால் போச்சு." சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "தப்பா சொல்லல பொண்ணே. அவன் தப்புன்னு கம்பெனியே சொல்லிடுச்சே. நீ என்ன பண்ணுவ?"

கிளெனிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரில் விளாடோ மெதுவாக ஓடும்படி திருத்தி வைத்த கடிகாரம் செவ்வாயின் நேரத்தைக் காட்டியது. அங்கே ஒரு நாள் நம்முடையதைவிட நாற்பது நிமிடம் அதிகம். கிழவி விழிக்கும்போது விழித்து, அது படுக்கும்போது படுத்தால் தினமும் அந்த நாற்பது நிமிடம் தள்ளிப் போகும். விடுமுறை வாரத்தில் அது சுகமாகத்தான் இருந்தது. கிழவி மணலில் மாட்டிக்கொண்டது, படம் ஒவ்வொன்றும் உயிர்த்துடிப்பு மாதிரி இருந்தது, கிளெனிஸ் அந்தக் கடிகாரத்தோடு வாழ்ந்தாள். பகல் ஷிப்டுக்குத் திரும்பியபோது செவ்வாயின் பகல் டல்லாராவின் இரவுக்குள் வந்து விழுந்திருந்தது. இதோ, இந்த ஒரு படம், சக்கரம் அசைந்ததா என்று பார்த்துவிட்டுத் தூங்கலாம் என்றுதான் தினமும் உட்கார்ந்தாள். செவ்வாய்க் கணக்கில் இது இன்னும் சாயங்காலம்தானே என்று தனக்குத்தானே சொல்லியும் கொண்டாள். உடம்பு அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் ஓட்டியது டம்பர் லாரி. சக்கரமே ஆளைவிட இரண்டு மடங்கு உயரம். புது வண்டிகளில் ஓட்டுகிறவரின் கண் சொருகினால் கத்துகிற கேமரா உண்டு. அவளுடையது பழைய வண்டி. சுரங்கக் குழிக்குள் இறங்குகிற சரிவில் வேட் கிரேடரால் பாதையைச் சமப்படுத்திக்கொண்டிருந்தான். டம்பரின் முன்னால் யார் வர வேண்டுமானாலும் ரேடியோவில் கேட்க வேண்டும். டம்பர் ஓட்டுகிறவர் 'வா' என்ற பிறகுதான் வர வேண்டும். குழியில் எல்லாச் சட்டத்தையும் மீறுவார்கள், இதை மட்டும் மீற மாட்டார்கள்.

அன்றைக்கு வேட் கேட்டான். கிளெனிஸின் வாய் 'வா' என்று சொன்னது. பல வருடம் சொல்லிப் பழகிய வாய், தூக்கத்திலும் சொல்லிவிட்டது. அவள் விழித்தது இரும்பு நசுங்குகிற சத்தத்தில்.

மேலதிகாரி கிரெய்க் கேட்டபோது, "எந்த அழைப்பும் வரல" என்றாள். அந்த அலைவரிசையில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். பதிவு கிடையாது. வேட்டுக்கு மண்டையில் பட்ட அடியில் அன்றைய காலையே நினைவில்லை. கேட்காமல் உள்ளே வந்தான் என்று முடிவானால் அவனுக்கு இந்தக் குழியில் மட்டுமல்ல, வேறெந்தக் குழியிலும் வேலை இல்லை. திங்கட்கிழமை விசாரணையை முடித்துக் கையெழுத்துப் போடுவதாக இருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவள் போர்ட் அகஸ்டாவுக்கு வண்டியை விட்டாள். வழியெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்று முகத்தில் அறைய அறைய ஓட்டினாள்.

வேட்டின் மனைவி ந்யாயரி படுக்கை அருகே நாற்காலியில் சாய்ந்து, கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். நியூசிலாந்துக்காரி, உயரமான பொம்பளை, அதிகம் பேச மாட்டாள். கிளெனிஸைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டாள். அந்தக் கட்டிப்பிடிப்பைக் கிளெனிஸால் தாங்க முடியவில்லை.

"நீயும் மனசக் கெடுத்துக்காத," என்றாள் ந்யாயரி. "உனக்கும் அதிர்ச்சிதான. இவருக்குப் புத்தி எங்க போச்சோ. கேக்காம உள்ள போயிருக்காரு. இத்தன வருஷ அனுபவம்!"

"என் காது கேக்கவே திட்டறா பாரு," என்றான் வேட். முகம் மஞ்சளாக இருந்தது, சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. "கொண்டா, கொண்டா. கிழவி நகந்தாளா?"

"இல்லடா. ஒரு விரக்கட அளவுக்குத்தான் சக்கரம் சுத்தியிருக்கு. இன்னும் உள்ளதான் போகுது."

"விடாதீங்கடா. பின்னாடி எடுக்கச் சொல்லு. இது தெரியாமயா இவ்வளவு பெரிய படிப்பு படிச்சானுங்க?"

"அவனுங்க உன்ன மாதிரி மணல்ல மாட்டினதில்ல."

"அதான. நான் போயிருந்தா பலகை வெச்சு ஏத்தியிருப்பேன்."

ந்யாயரி டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனாள். கிளெனிஸ் டேப்லெட்டை அவன் மார்பில் சாய்த்து வைத்தாள். அவன் இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்துப் பார்த்தான். சக்கரத்தின் பல், அதில் அப்பிய மணல், இடது ஓரத்தில் கரடின் நிழல். வலி மறந்துபோன முகம். இவன் இப்படிப் பார்ப்பதற்காகத்தானே இத்தனையும் செய்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. அது முழு உண்மை இல்லை என்பதும் கூடவே தெரிந்தது.

"நல்லா இருக்கு கிளெனி. தையல் போட்ட எடமே தெரியல. பேர் வெச்சிட்டியா?"

"இல்ல."

"இந்தா, இந்த நொண்டிப் பாறைக்கு என் கால் பேர வை. 'வேட்டோட இடது கால்'. செத்தாலும் இருக்கும்."

அவள் சிரிக்க முயன்றாள். அவன் மறுபடி இடது ஓரத்துக்குப் போனான். "கரடு கடைசியாத்தான வந்துச்சு? விளாடோ சொன்னான், கடைசித் துண்டு ரொம்ப லேட்டுன்னு. எல்லாரும் காத்துக் கிடந்திருப்பானுங்க. உண்மையச் சொல்லு, பின்லாந்துக்காரன் போட்டத எடுத்து நீ ஒட்டவைக்கலதான?"

"போடா. நான்தான் முதல். அது வந்த கொஞ்ச நேரத்துல போட்டுட்டேன். அவன் எனக்கப்புறம் அரைமணி கழிச்சு வந்தான்."

வாயிலிருந்து வந்துவிட்டது. வேறு எவனாயிருந்தாலும் அதில் ஒன்றும் இருந்திருக்காது. கிரெய்க் கேட்டிருந்தால் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் விட்டிருப்பான். வேட்டுக்குக் கிழவியின் நேரம் அத்துப்படி.

அவன் படத்தை விரிப்பதை நிறுத்தினான். உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறான் என்று தெரிந்தது. அவன் முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அது வெள்ளி விடியறதுக்கு முன்னாடி," என்றான். "அன்னைக்கு ஆறு மணிக்கு நமக்கு ஷிப்டு. என் கால் போன ஷிப்டு."

"ம்."

"முந்தின ராத்திரியும் படம் வந்துச்சே. அதுவும் நீதான?"

"ம்."

"அப்ப நீ எப்பத் தூங்குன?"

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை இடித்துக்கொண்டு போனார்கள். கிளெனிஸ் அவன் காலைப் பார்த்தாள். தோலுக்குள் போய் வருகிற கம்பிகள், அதைச் சுற்றி மஞ்சள் மருந்து.

"தூங்கல."

"நான் கூப்பிட்டேனா?" அவன் குரல் சின்னதாகிவிட்டது. "எனக்கு ஞாபகமே இல்ல கிளெனி. கேக்காம போயிருப்பேனான்னு ராவும் பகலும் மண்டையப் போட்டு ஒடச்சுக்கறேன். நான் கூப்பிட்டேனா?"

"கூப்ட்ட. நான் வான்னு சொன்னேன்."

வேட் டேப்லெட்டைப் போர்வை மேல் கவிழ்த்து வைத்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சை விட்டான், சுமை இறக்கிய ஆள் மாதிரி. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

ந்யாயரி மூன்று டீயோடு வந்து நின்றாள். இருவர் முகத்தையும் பார்த்தாள்.

"என்ன?"

"அவளே சொல்லுவா," என்றான் வேட், கண்ணைத் திறக்காமல்.

கிளெனிஸ் சொன்னாள். நின்றபடியே, சுருக்கமாக. ந்யாயரி டீயை ஜன்னல் விளிம்பில் ஒவ்வொன்றாக வைத்தாள். "நான் இவரத் திட்டினேன்," என்றாள். "அடிபட்டுக் கெடக்கற மனுஷன ரெண்டு நாளாத் திட்டிக்கிட்டிருக்கேன்." பிறகு கிளெனிஸின் பையைக் காட்டினாள். "போன எடு. இப்பவே. என் முன்னாடி."

"திங்கட்கிழமை நானே நேர்ல..."

"திங்கட்கிழமை வரைக்கும் உன் மனசு நிக்காது. எடு."

கிரெய்க் இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் குழந்தைகள் சத்தம், இறைச்சி பொரிகிற சத்தம். "சொல்லு கிளெனி, எப்படி இருக்கான் அவன்?"

"கிரெய்க், வேட் அன்னைக்குக் கூப்பிட்டான். நான் வான்னு சொன்னேன். தூக்கத்துல சொன்னேன். உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

பொரிகிற சத்தம் தள்ளிப்போனது. கதவு ஒன்று சாத்தப்பட்டது.

"கிளெனி, கொஞ்சம் யோசிச்சுப் பேசு." நல்லவன் கிரெய்க். அவனும் டம்பர் ஓட்டி மேலே வந்தவன். "ஷிப்டுக்கு முன்னாடி தூங்கலன்னா அதுக்கு ஏதாவது காரணம் இருக்கும்ல? உங்கம்மா உடம்பு முடியாம இருக்காங்கதான? அவங்களப் பாத்துக்கிட்டு இருந்தியா? அப்படின்னா அது வேற மாதிரி. அத வெச்சு நான் பேசலாம். வேலையே போகணும்னு இல்ல."

அம்மா வயலா ஊரில் தங்கை வீட்டில் நன்றாகத்தான் இருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. ந்யாயரிக்கு அவன் பேசுவது கேட்கவில்லை. வேட் இப்போது கண்ணைத் திறந்து கிளெனிஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா நல்லா இருக்காங்க," என்றாள் கிளெனிஸ். "செவ்வாய் கிரகத்துல ஒரு வண்டி மணல்ல மாட்டிக்கிச்சு. அது வெளிய வருதான்னு படம் பாத்துக்கிட்டு இருந்தேன். அதான் தூங்கல."

 மறுமுனையில் மேசை இழுப்பறை திறக்கிற சத்தம், காகிதச் சத்தம்.

"திரும்பச் சொல்லு," என்றான் கிரெய்க். குரல் மாறியிருந்தது. "மெதுவா. எழுதிக்கறேன்."

அவள் முதலிலிருந்து சொன்னாள்.