அடங்காத கோடு

...மூன்று புள்ளி மூன்று வோல்ட்டுக்கு ஏறி நிற்க வேண்டியது, அதுதானே அதன் வேலை, ஏன் நாலரைக்குத் தாவுகிறது, தாவியது போதாதென்று இறங்கி, மறுபடி ஏறி, சிக்னலைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப் திரையில் நடுங்கிக்கொண்டே கிடக்கிறது இந்தக் கோடு? வேகமான சிக்னல் முனையில் முட்டித் திரும்பினால் இப்படி ஆடும், ரெசிஸ்டர் போட்டால் அடங்கும், காலேஜில் படித்ததுதான். ஜெனிதா மூன்று ரெசிஸ்டர் மாற்றிவிட்டாள், பெரிதாக ஒன்றும் மாறவில்லை. போர்டில் சிக்னல் ஓடும் நீளப் பாதையில் ஆடினால் சரி, அரை அங்குலப் பாதையிலும் அதே ஆட்டம் எப்படி? காலை மீட்டிங்கில் இந்தப் படத்தைத்தான் சுவரில் போட்டுக் காட்டினாள், "டிசைனே சரியில்ல சார்." மேனேஜர் பரத்வாஜ் ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டார், "நிரஞ்சன், நீங்க இதுலேர்ந்து விலகிக்குங்க. டிசைன் தப்புன்னு அஞ்சு மணிக்கு கஸ்டமருக்கு மெயில் போயிடும்." ஆறு மாதம் உட்கார்ந்து போர்டை வரைந்தவன், ஒன்றே ஒன்று கேட்டான், "கிரவுண்ட எங்க புடிச்ச ஜெனி?" அவளுக்குச் சுருக்கென்றது, "ஏன், எனக்குப் புடிக்கத் தெரியாதா?" எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், அல்லது சிரித்த மாதிரி... பட்டினப்பாக்கத்துப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்று நினைத்திருப்பான், நினைக்கட்டும், ஆனால் எதற்கு அப்படிக் கேட்டான்?

மணி நாலு இருபது. டீ டம்ளரை வைக்க இடம் பண்ணி, போர்டைத் தொட்டு அளக்கும் ப்ரோபிலிருந்து தொங்கி, அளவுக்குப் பூஜ்ஜியம் காட்டும் கறுப்பு கிரவுண்ட் ஒயரைக் கையால் ஒதுக்கினாள், ஒரு சாண் நீள ஒயர், திரையில் கோட்டின் முகமே மாறியது. கையை எடுத்தாள், பழையபடி. மறுபடி தொட்டாள்... போர்டைத் தொடவே இல்லையே, அப்படியானால் ஆடுவது எது? ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டு, ப்ரோபின் மூக்கிலேயே மாட்டும் குட்டி ஸ்பிரிங்கைப் போட்டு, பக்கத்திலேயே கிரவுண்டைத் தொட்டாள். கோடு ஏறியது, நூலளவு தாண்டியது, நல்ல பிள்ளையாக நின்றுவிட்டது. அத்தனை ஆட்டமும் அவளுடைய ஒயரில் பிறந்தது, அதைச் சுவரில் போட்டு ஒருவனைக் கழற்றிவிட்டிருக்கிறாள். வெட்கத்தில் காது சுட்டது. மேனேஜர் கேபினுக்கு ஓடினாள். "சார், மெயில நிறுத்துங்க. போர்டு நல்லாத்தான் கீது, தப்பு என்னுது." அவர் கண்ணாடியைக் கழற்றினார், "காலைல அவ்ளோ உறுதியா சொன்னியேம்மா?" சொன்னேனே, எதை வைத்துச் சொன்னேன், கண்ணால் பார்த்தேனே, பார்த்தது பொய்யா?

மெயில் நின்றது. மேசைக்குத் திரும்பி நிரஞ்சனுக்குப் போன் போட எண்ணைத் தேடினாள், தேடிய விரல் பாதியில் நின்றது. இரண்டு வருஷமாக இந்த மேசையில் இதே ப்ரோப், இதே ஒயர், டப்பாவில் இதே ஸ்பிரிங். போன வருஷம் மதுவந்தி வரைந்த போர்டையும் ஆடுகிறது என்று இவள்தான் திருப்பி அனுப்பினாள், அவள் மூன்று தடவை திருத்தி வரைந்தாள், மூன்று தடவையும் அதே ஆட்டம், இந்த வேலை எனக்கு வராது ஜெனி என்று ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டாள்... அன்றைக்கும் ஒயரா, ஸ்பிரிங்கா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. தொட்டுப் பார்க்க அந்த போர்டும் இப்போது இல்லை.