வாய்வார்த்தையாகச் சொன்னது

அந்தப் பெண் கடிதத்தை மேசை மேல் வைத்து, எதிரே இருப்பவர் படிக்க வசதியாகத் திருப்பி வைத்தாள். அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"மேடம், இது வேற யாருக்கோ வர வேண்டிய லெட்டர்னு நினைக்கிறேன். என் பேர் போட்டு வந்திருக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். வேறு பல்கலைக்கழகங்களில் பாதிப் படிப்பை முடித்துவிட்டு இங்கே மாறி வரும் மாணவர்களுக்கு வழி சொல்வதுதான் அவர் வேலை. எந்தச் சான்றிதழ் வேண்டும், பாடத்திட்டத்தில் எந்தப் பக்கத்துக்கு முத்திரை வாங்க வேண்டும், எந்தத் தேதிக்குள் எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்து, பேனாவால் டிக் போட்டுப் போட்டு விளக்குவார். பதினோரு வருடமாக அதே மேசை. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் 'செக்லிஸ்ட் மேடம்' என்பார்கள். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. உள்ளூர அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

கடிதம் சரியான ஆளுக்குத்தான் வந்திருந்தது. பிசியோதெரபி, இரண்டு வருடம் முடித்தவர். உடற்கூறியல் செய்முறை வகுப்பு தொண்ணூறு மணி நேரம். இங்கே வேண்டியது நூற்று இருபது. ஆகவே அந்தப் பாடம் ஏற்கப்படவில்லை. அதன் மேல் கட்டிய மற்ற பாடங்களும் ஏற்கப்படவில்லை. முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். முதலாம் ஆண்டு இடங்கள் நிரம்பிவிட்டதால் அடுத்த வருடம் விண்ணப்பிக்கவும்.

மேடம் கடிதத்தை மேலிருந்து மறுபடி ஒரு முறை படித்தார்.

"நீங்க சொன்னீங்கல்ல மேடம், ரெண்டு வருஷமும் அப்படியே எடுத்துக்குவாங்கன்னு? அதை நம்பித்தான் அங்க சீட்டை விட்டுட்டு வந்தேன்."

"அது... நான் பொதுவா சொல்லியிருப்பேன்மா."

சொன்ன அந்த நொடியிலேயே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. அந்தப் பெண் அவரையே பார்த்தாள்.

"பொதுவா சொல்லலை மேடம். என் பேரைக் கேட்டீங்க, மார்க் கேட்டீங்க, அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குன்னு கேட்டீங்க. எனக்குத்தான் சொன்னீங்க."

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அடுத்து நின்ற மாணவன் வந்து உட்கார்ந்தான். மேடம் அவனுக்கு ஒரு தாளை எடுத்து டிக் போட ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

நான்கு மாதத்துக்கு முன் வந்த அந்த ஃபோன் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள். தொலைவில், ரயிலில் ஒன்பது மணி நேரத் தூரத்தில் இருந்த ஊரிலிருந்து அவள் பேசினாள். வீடு இங்கே, இந்த ஊரில். அப்பா கிரேன் ஓட்டுபவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அம்மா ஒரு சலவைக்கூடத்தில் வேலை. ஒருத்தியாக அவரைத் தூக்கி உட்கார வைக்க முடியவில்லை. படிப்பை விடவும் மனசில்லை, வீட்டை விடவும் மனசில்லை, அதனால் இங்கே மாறி வர வேண்டும். முடிவு வரும்வரை அங்கே சீட்டை வைத்துக்கொள்ளட்டுமா, விட்டுவிடட்டுமா என்பதுதான் அவள் கேள்வி. வைத்துக்கொள்வதென்றால் அந்தப் பருவம் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும்.

பட்டியலைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் ஒரு நல்ல செய்தி சொல்லிவிட வேண்டும் என்று வாய் முந்திக்கொண்டது. "தைரியமா விட்டுட்டு வாம்மா. போன வருஷம்கூட அங்கேருந்து நாலு பேர் வந்தாங்க, எல்லாம் எடுத்துக்கிட்டாங்க" என்றார். அந்தப் பக்கம் அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. அன்று முழுக்க மேடத்துக்கு மனம் இலேசாக இருந்தது.

மதியம் அவர் பழைய மின்னஞ்சல்களைத் துழாவினார். செய்முறை நேரத்தை உயர்த்தும் சுற்றறிக்கை அந்த ஃபோனுக்கு ஒன்பது நாள் முன்பே வந்திருந்தது. அவரே திறந்திருக்கிறார். பிறகு நிதானமாகப் படிக்கலாம் என்று அடையாளம் போட்டு ஒதுக்கி வைத்திருக்கிறார். அந்தப் 'பிறகு' இன்றைக்குத்தான் வந்தது.

பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னார். தலைவர் கெட்டவர் அல்ல, எதற்கும் பதறாதவர். கதவைச் சாத்திவிட்டு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எழுத்துல ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்ல சார். ஃபோன்லதான்."

"அப்ப நிம்மதியா இருங்க. நீங்க சொன்னதுக்கு ஆதாரமே கிடையாது."

"ஆனா சொன்னேனே சார்."

"மேடம், நாம சொல்றது வழிகாட்டுதல். முடிவு பண்றது இணைத்தன்மைக் குழு. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடுன்னு அவங்கதான் பார்க்கணும். ஃபாரத்தோட அடியிலேயே இது போட்டிருக்கு." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உங்க ஒப்பந்தப் புதுப்பிப்பு இந்த மாசம் என் மேசையிலதான் இருக்கு. நல்லபடியா போகட்டுமே."

மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதனாலேயே எதிர்த்துப் பேசத் தோன்றாமல் மேடம் எழுந்து வெளியே வந்தார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு அம்மாள் வந்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. யார் என்று கேட்கவே தேவைப்படவில்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"பொண்ணு வர வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் வந்தேன். உங்க முகத்தைப் பார்க்கணும்னு தோணிச்சு."

மேடம் எழுந்து நின்றார்.

"நீங்க வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியுது. வேணும்னு பண்ணியிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன், மனசு ஆறியிருக்கும். இப்ப யாரைத் திட்டறது சொல்லுங்க?"

"அம்மா, நான்..."

"அவங்கப்பாகிட்ட இன்னும் சொல்லலை. அவருக்கு வாய் குழறும், தண்ணி கேட்டாலே ரெண்டு தடவை கேட்டாத்தான் நமக்குப் புரியும். ஆனா 'காலேஜ் எப்ப தொறக்குது'ன்னு மட்டும் தெளிவாக் கேக்கறார். தினமும் கேக்கறார். இவ 'தொறக்கும்ப்பா, காலை நீட்டுங்க'ன்னு பயிற்சி குடுத்துட்டே சமாளிக்கறா. எத்தனை நாளைக்குச் சமாளிப்பா?"

கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார். டப்பாவில் இருந்த சாப்பாட்டை மேடம் மூடி வைத்தார்.

அன்று மாலை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். கணவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். எதையும் இந்தக் கண்ணுக்கு ஒன்று, அந்தக் கண்ணுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பார்க்கிற பழக்கம்.

"நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை. சும்மா இருன்னுதான் சொல்றேன்."

"அவ மூஞ்சியைப் பார்த்து ஒரு தடவை பொய் சொல்லிட்டேன். பொதுவா சொன்னேன்னு. இனி சும்மா இருந்தாலும் அதே பொய்தான்."

"சரி, உண்மையைச் சொல்ற. அவளுக்கு என்ன கிடைக்கும்? முப்பது மணி நேரம் குறைஞ்சது குறைஞ்சதுதானே. நீ சொன்னதால அது கூடிடுமா?"

கண்ணில் தண்ணீர் வந்தது.

"வெங்காயமா?" என்றார் கணவர்.

"வெங்காயம்தான்."

அவர் கத்தியை வாங்கிக்கொண்டு மீதியை நறுக்கினார். "எழுதறதுன்னா சின்னதா எழுது. நீ எழுத ஆரம்பிச்சா அதுக்கும் செக்லிஸ்ட் போடுவ" என்றார்.

சின்னதாகத்தான் எழுதினார். இன்ன தேதியில் இன்ன மாணவி கேட்டார், நான் இப்படிச் சொன்னேன், அதற்கு ஒன்பது நாள் முன்பே சுற்றறிக்கை எனக்கு வந்துவிட்டது, நான் படிக்கவில்லை, என் சொல்லை நம்பித்தான் அவர் தன் இடத்தை விட்டார். ஐந்து வரி. பிரிவுத் தலைவர் இரண்டு முறை படித்துவிட்டு, "இதை நான் மேலே அனுப்ப முடியாது" என்று திருப்பிக் கொடுத்தார். மேடம் அதை எடுத்துக்கொண்டு, பதினோரு வருடமாக மாணவர்களை எந்த மேல்முறையீட்டு ஜன்னலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாரோ அதே ஜன்னல் வரிசையில் போய் நின்றார். அங்கே இருந்தவருக்கு அவரை நன்றாகத் தெரியும். "யாருக்காக மேடம் வந்திருக்கீங்க?" என்று சிரித்தார். தாளைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. பேசாமல் முத்திரை குத்தினார்.

பிறகு மேடம் அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தார். முதல் தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"நீ மேல்முறையீடு போடணும். நாளைக்கு அஞ்சு மணியோட கடைசி. என்னோட ஸ்டேட்மெண்ட் உள்ள போயிடுச்சு. நான்தான் தப்பாச் சொன்னேன்னு எழுதியிருக்கேன்."

பின்னால் யாரோ ஒரு ஆண் குழறலாக ஏதோ கேட்பதும், "ஒரு நிமிஷம்ப்பா" என்று அவள் சொல்வதும் கேட்டது.

"போட்டா கிடைக்குமா மேடம்?"

கிடைக்கும் என்று சொல்ல வாய் துடித்தது. "தெரியலம்மா. நிஜமாவே தெரியல" என்றார்.

இணைத்தன்மைக் குழு ஒரு வாரம் கழித்துக் கூடியது. நீளமான அறை, நடுவில் நீளமான மேசை, ஒரு பக்கம் மூன்று பேர். அந்தப் பெண்ணை ஒரு முனையில் உட்கார வைத்தார்கள், மேடத்தை இன்னொரு முனையில். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒதுக்கிய நேரம் பதினைந்து நிமிடம்.

குழுத் தலைவி கேட்டார்: "இப்படி ஒருத்தருக்கு வாயால சொன்னதையெல்லாம் நாங்க ஏத்துக்கிட்டா, நாளைக்கு எல்லாரும் 'மேடம் சொன்னாங்க'ன்னு வந்து நிப்பாங்களே?"

"நிக்கலாம்" என்றார் மேடம். "நான் சொல்லியிருந்தா நிக்கட்டும். இவங்ககிட்ட நான் சொன்னேன்."

உடற்கூறியல் பேராசிரியர் அதுவரை, அப்பாவின் பக்கவாதம் பற்றி அவள் எழுதியிருந்த மேல்முறையீட்டையும் மதிப்பெண் பட்டியலையுமே புரட்டிக்கொண்டிருந்தார். மாணவர்கள் 'எலும்பு சார்' என்று கூப்பிடும் ஒல்லி மனிதர். தலையை நிமிர்த்தி அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "அப்பாவுக்குத் தோள்பட்டை இறங்கியிருக்கா?"

"இறங்கியிருக்கு சார். ஒரு விரல் அகலம்."

"எப்படித் தூக்குற?"

அவள் சொன்னாள். எந்தத் தசைக்குக் கீழே கை கொடுக்கிறாள், கையைப் பிடித்து ஏன் இழுக்கக் கூடாது, அம்மா இழுத்தபோது என்ன ஆயிற்று. சொல்லும்போது அவளுடைய இரண்டு கைகளும் மேசை மேல் இல்லாத ஒரு தோளைத் தாங்கிப் பிடித்திருந்தன. அறையில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"முப்பது மணி நேரம்தான் குறையுது" என்றார் பேராசிரியர் தலைவியிடம். "லீவ்ல லேப் சும்மாத்தான் பூட்டிக் கிடக்கு. நான் திறந்து விடறேன். ஆனா ஒண்ணு, ரெண்டாம் வருஷப் பாடத்தை நான் விட்டுக்குடுக்க முடியாது. அடித்தளம் முடியறதுக்கு முன்னாடி படிச்சது செல்லாது."

முடிவு எழுத்தில் வந்தது. விடுமுறையில் முப்பது மணி நேரச் செய்முறையை முடித்தால் இரண்டாம் ஆண்டில் இடம். முதலாம் ஆண்டு ஏற்கப்பட்டது. ஏற்கெனவே படித்து முடித்த இரண்டாம் ஆண்டை அவள் மறுபடி படிக்க வேண்டும்.

மேடத்துக்கும் ஒரு கடிதம் வந்தது. ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டிப்பு. வேலை இனி கீழ்த்தளத்து ஆவண அறையில்; மாணவர்களைச் சந்திக்கும் பொறுப்பு இல்லை. பிரிவுத் தலைவர் அதைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. "நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னார். மேடம் தன் பேனாக்களையும் அச்சடித்த தாள்கட்டையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டார். தாள்கட்டை மட்டும் மறுபடி வெளியே எடுத்து, அடுத்து வருபவருக்காக மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

ஆவண அறையில் ஜன்னல் கிடையாது. பகலிலும் குழல்விளக்கு. பழைய கோப்புகளை ஆண்டு வாரியாக அடுக்கும் வேலை. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் முதல் வாரம் தொண்டையே வறண்டு போயிற்று. ஆறு மாதம் கழித்து என்ன என்று கணவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம், கோப்பு ஒன்றை மேலே கொடுக்கப் போனபோது செய்முறைக் கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே அந்தப் பெண் வெள்ளை அங்கியும் கையுறையுமாகத் தனியாக நின்று, மாதிரி எலும்பு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். மேடம் சத்தமில்லாமல் கடந்துவிடத்தான் பார்த்தார். அவள் நிமிர்ந்துவிட்டாள்.

கதவு வரை வந்தாள். "பதினாலு மணி நேரம் முடிச்சிட்டேன்" என்றாள்.

"அப்பாகிட்ட சொல்லியாச்சா?"

"சொன்னேன். ரெண்டாவது வருஷமான்னு திரும்பத் திரும்பக் கேட்டார். அதைத்தான் முடிச்சிட்டியேன்னு. விளக்கிச் சொன்னேன், புரிஞ்சுதா தெரியல. அழுதார்."

மேடம் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்க வந்த வார்த்தைகள் எல்லாம் அந்த நேரத்தில் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தன. இருந்தாலும் கேட்டார்.

"என்னை மன்னிச்சிடும்மா."

அந்தப் பெண் கையுறையைக் கழற்றி மடித்தாள். "நீங்க எழுதிக் குடுத்தது பெரிய விஷயம்னு எலும்பு சார் சொன்னார். இருக்கலாம். ஆனா எனக்கு ஒரு வருஷம் போச்சு மேடம். நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"இரு" என்றார் மேடம். "எவ்வளவு நாள் வேணுமோ இரு."

அவள் தலையை லேசாக அசைத்துவிட்டுத் திரும்பிப் போய் விளக்கின் கீழ் நின்றாள். மேடம் மாடிப்படி ஏறினார். ஏறும்போது முழங்கால் வலித்தது. நெஞ்சில் இருந்த கனம் இறங்கவில்லை; ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான்.