இந்துமதி மெஸ்ஸில் மடியாத ஓர் இலை

புதுக்கோட்டையில், வடக்கு ராஜ வீதியிலிருந்து பிரியும் சந்தில் இருக்கும் இந்துமதி மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் யாரும் இலையை மடிப்பதில்லை. இலை தானாகவே மடிந்துகொள்ளும். சாப்பிட்டவருக்கு வயிறும் மனசும் நிறைந்திருந்தால் போதும், மோர்ச் சோற்றின் கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு அவர் கையை எடுத்ததும் இலையின் மேல்பாதி மெதுவாக எழுந்து அவர் பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். கல்யாண வீட்டில் நாம் மடிப்போமே, அதேபோல் உள்பக்கமாக. ஆரம்பத்தில் ஃபேன் காற்று என்றார்கள். ஃபேனை நிறுத்திப் பார்த்ததில் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம், இலை மடிந்தது. வேளாண்மைத் துறையில் வேலை பார்க்கும் ஒருவர் இரண்டு இலைகளைச் சுருட்டி எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு, நல்ல வாழை இலை என்று சொல்லி அனுப்பினார். அதற்குமேல் ஊர் இதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இலை மடிந்ததா, எழுந்து கை கழுவு, பின்னால் ஆள் நிற்கிறது, அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பற்றிக் கருத்து இல்லாத ஆள் நம் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏசி ஓட்டல் வந்த புதிதில், குளிருக்கும் சேர்த்துத்தான் பில் போடுகிறான் என்று ஒரு கட்சியும், உட்கார்ந்து வியர்க்காமல் சாப்பிடுவதற்குக் கொடுத்தால் என்ன குறைந்துபோயிற்று என்று ஒரு கட்சியும் மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றன. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆத்மநாதன் இரண்டு பக்கமும் சாப்பிட்டுப் பார்த்தவர். “அங்கிட்டு சாம்பாரு சின்னக் கிண்ணத்துல வருது, நாக்க நனைக்கத்தான் ஆகும். குடுத்த காசுக்குச் சாப்பாடுன்னா இந்துமதி கடைதாங்க” என்று தீர்ப்புச் சொன்னார். செல்போனில் நட்சத்திரம் போடுகிறவர்கள் வந்தார்கள். வாயில் ஒரு பருக்கை வைப்பதற்கு முன்பே ‘வேற லெவல்’ என்று கத்திப் படம் எடுத்த இளைஞன் ஒருவனின் இலை, அவன் போனைக் கீழே வைத்து ஒழுங்காகச் சாப்பிடும்வரை அசையவே இல்லை. ஒருநாள் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. அன்று பந்தி முழுக்க இலைகள் வெளிப்பக்கமாக, சாவு விழுந்த துட்டி வீட்டில் மடிப்பதுபோல் மடிந்தன. கடையை நடத்தும் இந்துமதி வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் எல்லோரும் வந்தார்கள். அதை அவள் இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறாள்.

இப்படிப்பட்ட கடையில் ஓர் இலை மட்டும் மடியாது. அது மூக்கனின் இலை. குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து வந்து மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வாரம் முழுக்க டவுனில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவார். வருஷக்கணக்காக மத்தியானச் சாப்பாடு இங்கேதான். சன்னல் ஓரம் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், வைத்ததையெல்லாம் சாப்பிடுவார். அவர் இலை உள்ளேயும் மடியாது, வெளியேயும் மடியாது, மல்லாந்து கிடக்கும். அவருக்கே கூச்சமாகிவிடும். மரியாதைக்குத் தன் கையால் மடித்து வைப்பார். அவர் எழுந்து குழாயடிக்குப் போனதும் இலை மெல்ல விரிந்துகொள்ளும். “என்ன கொறைண்ணே, சொல்லுங்க” என்று இந்துமதி கேட்டால், “நல்லாத்தான் இருக்கு ஆத்தா” என்பதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பெயராது. அவர் பொய் சொல்லவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும், அதுதான் அவளைப் போட்டுப் படுத்தியது.

அந்த ஓர் இலைக்காக அவள் செய்யாதது இல்லை. மணமேல்குடியிலிருந்து விடியற்காலை வரும் மீனுக்குச் சொல்லிவைத்தாள். புளியை மாற்றினாள், செக்கு எண்ணெய்க்கு மாறினாள், பரிமாறும் மருதாயியிடம் அவருக்கு மட்டும் குழம்பில் அடிக்கரண்டி போட்டு எடுத்து ஊற்றச் சொன்னாள். மற்றவர்களின் இலைகள் முன்னைவிட வேகமாக மடிந்தன. சிலருக்கு மோர் வரும் முன்பே மடிந்து, மருதாயி இலையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஊற்ற வேண்டியதாயிற்று. மூக்கன் இலை மட்டும் அப்படியே கிடந்தது. அந்தாளுக்கு நாக்கே கிடையாது, விட்டுத்தள்ளு என்றார்கள். அவளால் விட்டுத்தள்ள முடியவில்லை. தினமும் வந்து சாப்பிடும் ஒரு மனுசன் தினமும் நிறையாமல் எழுந்து போகிறான் என்றால், அவளுக்கு அது நெஞ்சில் முள்தான்.

கட்டடம் உடையப்பனுடையது. திருமயம் பக்கத்துக் கிராமத்தில் பெரிய வீடும், சென்னையில் வியாபாரமுமாக இருக்கிறவர். செல்போன் ஷோரூம்காரர்கள் நல்ல வாடகை பேசிவிட்டுப் போனதும் இந்துமதிக்குப் போன் போட்டார். காலி பண்ணச் சொல்வதற்கு அவருக்கும் மனசு வரவில்லை, வருகிற வாடகையை விடவும் மனசு வரவில்லை. “ஒங்க கடை எலையப் பத்தி ஊரே பேசுதாம்ல. வெள்ளிக்கிழமை நானே வாரேன். ஒரு எலைகூட மல்லாக்கக் கெடக்கலைன்னா நீங்களே இருங்க, ஷோரூம்காரன வேற எடம் பாக்கச் சொல்லிர்றேன்” என்றார். மடியாத ஓர் இலை இருக்கிறது என்பதை யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும். கணவன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை இந்த அடுப்பை வைத்துத்தான் வளர்த்தாள் இந்துமதி. வேறு இடத்துக்குப் போனால் இலை மடியுமா என்பது யாருக்கும் தெரியாது.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? வெள்ளிக்கிழமை ஒருநாள் மூக்கனை வேறு எங்காவது சாப்பிடச் சொல்லிவிடலாம் என்றார் ஆத்மநாதன். சேதி மூக்கன் காதுக்கும் போய், அவரே வந்து வாசலில் நின்றார். “அன்னைக்கு நான் வரலை ஆத்தா. ஒரு வேளை டீயக் குடிச்சிட்டு இருந்துக்கிர்றேன்.” இந்துமதிக்குக் கோபம் வந்துவிட்டது. “சாப்பிட வர்ற ஆள வராதீங்கன்னு சொல்லித்தான் இந்தக் கடைய நான் காப்பாத்தணுமாக்கும்? பேசாம வாங்கண்ணே. போறதா இருந்தா போகட்டும்” என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து அடுப்பை விட்டு அவள் நகரவில்லை. குழம்பை மூன்று தடவை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாள், ருசியே தெரியவில்லை.

அன்று காலை பொன்னமராவதி லாரியிலிருந்து மெஸ்ஸுக்கு அரிசி இறக்க வந்தவர் மூக்கன்தான். மூட்டையைச் சார்த்திவிட்டு அவர் நிமிரும்போது, ஈரத் தரையில் மருதாயி வழுக்கி, அப்பளத் தட்டு கை நழுவியது. மூக்கனின் இடது கை பாய்ந்து தட்டைப் பிடித்தது. ஒடிந்த ஒரு துண்டை அதே கையால், யோசிக்காமல், எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடி அதை அவர் மென்றதைப் பார்த்து இந்துமதி அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கண்ணைத் திறந்தவர் அவளைக் கண்டதும் திருடிப் பிடிபட்டவர்போல் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“அண்ணே, ஒங்களுக்கு அந்தக் கைதானா?”

“பொறந்ததுலேர்ந்து அதான் ஆத்தா. எங்கப்பாரு சூடு வச்சுக்கூடப் பாத்தாரு, மாறலை. ஒருதடவ கல்யாணப் பந்தியில மறந்தாப்புல இந்தக் கைய வச்சுட்டேன். பக்கத்துல இருந்த ஆளு எலைய விட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னையிலேர்ந்து நாலு பேரு முன்னாடி சோத்தாங்கைதான். வயிறு ரொம்பிரும். ஆனா யாரோ தெரியாத ஆளு ஊட்டிவிட்ட மாதிரி இருக்கும்.”

அடிப் பாவி, குழம்பையே மோந்து மோந்து பார்த்தேனே, சாப்பிடுகிற மனுசனை ஒருநாளாவது பார்த்தேனா என்று இந்துமதி தலையில் அடித்துக்கொண்டாள். மூக்கனிடம் மத்தியானம் வரச் சொல்லிவிட்டு, அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

மத்தியானம் மெஸ் நிரம்பி வழிந்தது. உடையப்பன் மூக்கனுக்கு நேர் எதிரே இடம் பிடித்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் நுனி இடப்பக்கம் வரும்படி இலை போட்டுக்கொண்டே வந்த இந்துமதி, மூக்கனிடம் வந்ததும் இலையைத் திருப்பி, நுனி வலப்பக்கம் வரும்படி போட்டாள். கூட்டும் பொரியலும் எதிர்ப் பக்கமாக விழுந்தன. “எந்தக் கையில வருமோ அந்தக் கையில சாப்பிடுங்கண்ணே” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. ஆத்மநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்னம்மா இது, பந்தியில பீச்சாங்கையா?” “எந்தக் கைய வச்சாலும் எல்லாரும் கழுவிட்டுத்தானங்க போகப்போறீங்க” என்றாள் அவள். ஆத்மநாதன் வாயைத் திறந்து, பிறகு அந்த வாயில் ஒரு கவளத்தைப் போட்டுக்கொண்டார். யாரும் எழுந்து போகவில்லை.

மூக்கன் இடது கையால் சோற்றைத் தொட்டார். பிசைந்தார். முதல் உருண்டை உள்ளே போனதும் அவர் தலை நிமிர்ந்தது. அதன்பிறகு அவர் சாப்பிட்டது தனி வேகம், தனி ஒழுங்கு. ரசத்தை உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சினார், கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியதைத் துடைக்கவும் இல்லை. மோர்ச் சோறு முடிந்து கையை எடுத்தார். இலை இரண்டு தடவை நடுங்கியது. பிறகு எழுந்து, அவர் பக்கமாக வந்து, பூப்போல் படுத்தது. மருதாயி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். மடிந்த அந்த இலையின் மேல் கையை வைத்துக்கொண்டு மூக்கன் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. “நல்லா இரு ஆத்தா, ஒங் கை நல்லா இருக்கணும்” என்று அவர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லா இலையும் மடிந்தாயிற்று என்று பார்த்தால், ஒன்று மல்லாந்து கிடந்தது. அது உடையப்பனுடையது. மற்றவர்களின் இலைகளையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தவர், தன் இலையில் என்ன விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. மூக்கன்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “சாப்பிடுங்கய்யா, எல்லாம் ஆறிப்போகுது.” உடையப்பன் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். முதலிலிருந்து சோறு வாங்கி, ரசம் இன்னொரு தடவை கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டார். பந்தியே காத்திருந்தது. அவர் இலை மடிந்தபோது ஷோரூம் வேறு தெருவுக்குப் போயிற்று.

இப்போது சன்னலோர இருக்கையில் இலை எதிர்ப்பக்கமாகத்தான் விழுகிறது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இடக்கைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டார் வெளியூரிலிருந்துகூட வந்து அந்த இடம் காலியாகும்வரை காத்திருந்து உட்கார வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் இலைகளும் மற்ற இலைகளைப்போலவே மடிகின்றன. ஆத்மநாதனும் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒருநாள் அங்கே உட்கார்ந்து பார்த்ததாகப் பேச்சு. ஆனால் இந்துமதிக்கு மனசு நிறைந்துபோனது அந்த வெள்ளிக்கிழமையில் அல்ல, அதற்கு மறுநாள். மூக்கன் சாப்பிட்டு முடித்து, இலை மடிந்து, கை கழுவி, கல்லாவுக்கு வந்து நின்று, கொஞ்சம் தயங்கி, “முட்டைக்கோஸுல உப்பு ஒரு சிட்டிகை கம்மி ஆத்தா” என்றார். வருஷக்கணக்கில் அவர் சொன்ன முதல் குறை அதுதான். இந்துமதி அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.